தெற்கா, வடக்கா, மலையா: மட்டக்களப்பிலிருந்து கூடாரத்தோடு பைக்கில் வெளிக்கிடுகிறவர்களுக்கு

ஒரே மாதத்தில் மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி: 100 சிசி பைக், பின்னால் ஒரு கூட்டாளி, கையில் காசு குறைவு. அடுத்தது புதிதாகக் கல்யாணம் முடித்த சோடி: 150 சிசி, மூன்று நாள் லீவு. மூன்றாமவர் வங்கியில் வேலை செய்யும் அண்ணன்: தனியாள், சனியும் ஞாயிறும் மட்டும்தான். பைக்கில் போய், கூடாரம் அடித்து, ஒரு இரவாவது வெளியில் படுக்க வேண்டும் என்பது மூவருக்கும் பொதுவான ஆசை. எங்கே போகலாம்?

மட்டக்களப்பில் நின்று பார்த்தால் முன்னால் இருப்பது மூன்று வழி. தெற்கே கடலோரமாகப் பொத்துவில், பாணமை, உகந்தை. வடக்கே வாகரை, வெருகல், நேரமிருந்தால் திருகோணமலை. மேற்கே செங்கலடியில் திரும்பி மகா ஓயா, பிபிலை ஊடாகப் பதுளை மலைப்பக்கம். எல்லோரும் நாலாவதாகச் சொல்லும் இங்கினியாகலையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இந்த மூன்று பக்கமும் போயிருக்கிறேன். மூன்று பக்கமும் பிழையும் விட்டிருக்கிறேன்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

ஃபோனில் ஒரு படத்தைப் பார்த்து ஊரைத் தெரிவு செய்கிறவர்கள்தான் அதிகம். அங்கே போய்ச் சேர்ந்து, வெயில் சாய்ந்த பிறகுதான் எங்கே படுப்பது என்ற யோசனை வரும். நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். முதலில் படுக்கிற இடம். அதிலிருந்து வழி. காட்சி எப்படியும் கிடைக்கும். நம் மாகாணத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

படுக்கிற இடம். சும்மா கிடக்கிற காடு என்று ஒன்று கிடையாது. வன இலாகா, வனசீவராசிகள் திணைக்களம், தொல்பொருள் திணைக்களம் என்று ஏதாவது ஒன்றுக்கு அது சொந்தமாக இருக்கும். அனுமதி இல்லாமல் அங்கே கூடாரம் அடித்தால் நடு இரவில் எழுப்பி அனுப்பினாலும் நியாயம்தான். தேசியப் பூங்காக்களுக்குள் மோட்டார் சைக்கிளை விடவே மாட்டார்கள். உள்ளே கூடாரம் அடிக்க ஒதுக்கிய இடங்கள் இருக்கின்றன, ஆனால் அதற்கு முற்பதிவும் ஜீப்பும் வேண்டும். அப்போது பைக்காரருக்கு மிஞ்சுவது கோவில் மடமும் வளவும், மீன்பிடி வாடிப்பக்கம் (வாடி என்றால் கரையில் மீனவர் தங்கும் கொட்டில்), விடுதிகளின் முற்றம், தெரிந்தவர் காணி. நான்கிலும் வாய் திறந்து கேட்டால்தான் இடம் கிடைக்கும். கூச்சப்படுகிறவர்கள் விடுதியில் அறை எடுப்பது நல்லது.

யானை நேரம். மூன்று வழியிலும் யானை கடக்கும் துண்டுகள் உண்டு. என் கணக்கு எளிது: பின்னேரம் நாலரைக்குப் பிறகு அந்தத் துண்டுக்குள் நுழைவதில்லை, காலை ஏழுக்கு முன் வெளிக்கிடுவதில்லை. காருக்குள் இருப்பவருக்குக் கண்ணாடியாவது இருக்கிறது. பாரம் கட்டிய பைக்கை ஒடுக்கமான ரோட்டில் சட்டென்று திருப்பவும் முடியாது. இந்த ஒரு விதி உங்கள் நாளை எவ்வளவு குறுக்குகிறது என்று பாருங்கள். காலை ஏழிலிருந்து பின்னேரம் நாலரை வரைதான் ஓட்டம். இடையில் சாப்பாடு, குளிப்பு, பஞ்சர், படம் எடுப்பது எல்லாம். ஒரு நாளைக்கு 150 கிலோமீற்றருக்கு மேல் திட்டம் போடாதீர்கள்.

மாதம். ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை நம் பக்கம் மழைக்காலம். கூடாரத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம். மே முதல் ஆகஸ்ட் வரை வறட்சி, கூடவே கச்சான். தின்கிற கச்சானைச் சொல்லவில்லை, காற்றைச் சொல்கிறேன். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, கீழே இறங்க இறங்கச் சூடேறி நம் பக்கம் வருவதுதான் கச்சான். தெற்கே போகும்போது வலப்பக்கமிருந்து தள்ளும். மலைக்குப் போகும்போது முகத்திலேயே அடிக்கும். பக்கப் பை பெரிதாக இருந்தால் பைக் ஆடுவது நன்றாகத் தெரியும்.

பைக்கும் பாரமும். 100 சிசி பைக்கில் இரண்டு பேரும் கூடாரமும் சமதரையில் போகலாம். மலையில் முடியாதென்றில்லை, ஆனால் இரண்டாம் கியரில் முக்கிக்கொண்டு ஏறுவது இன்பப் பயணமாக இருக்காது.

கடைசியாக, கணக்கில் எழுதாமல் விடுகிற செலவுகள். அவற்றை அந்தந்த வழியிலேயே சொல்கிறேன்.

| | தெற்கு (உகந்தை வரை) | வடக்கு (வாகரை, வெருகல்) | மேற்கு (பதுளைப் பக்கம்) |
|---|---|---|---|
| ஒரு வழித் தூரம், ஏறத்தாழ | 140 கி.மீ. | வாகரை 65, திருகோணமலை 130 கி.மீ. | 180 கி.மீ. |
| குறைந்தது | 2 இரவு | 1 இரவு | 2 இரவு |
| போகக்கூடிய மாதம் | ஏப்ரல் – செப்டெம்பர் | மார்ச் – செப்டெம்பர் | பெப்ரவரி – மார்ச், ஜூன் – ஆகஸ்ட் |
| படுக்கை | கோவில் வளவு, விடுதி முற்றம் | வாடிப்பக்கம், தெரிந்தவர் காணி | விடுதி முற்றம், கட்டணக் கூடார இடம் |
| யானைத் துண்டு | கோமாரி – பொத்துவில், பாணமை – உகந்தை | வாகரை – வெருகல் | புல்லுமலை – மகா ஓயா |
| பெற்றோல், 150 சிசி, போய் வர | 8 லீற்றர் | வாகரை மட்டும் என்றால் 4 லீற்றர் | 11 லீற்றர் |

பெற்றோல் கணக்கு என் பைக்கின் ஓட்டத்தை வைத்துப் போட்டது. இரண்டு பேர், முழுப் பாரம், ஊருக்குள் சுற்றுவதும் சேர்த்து.

## தெற்கு: அக்கரைப்பற்று, பொத்துவில், பாணமை, உகந்தை

கல்லடிப் பாலத்தைத் தாண்டியதிலிருந்து அக்கரைப்பற்று வரை இது பயணமே இல்லை. காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை என்று ஊரோடு ஊர் ஒட்டிக்கொண்டு வரும். ஆட்டோ, மாடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள். அறுபத்தைந்து கிலோமீற்றரைக் கடக்க இரண்டு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை வெளிக்கிட்டால் ஜும்ஆ நேரத்தில் முஸ்லிம் ஊர்களில் கடைகள் பூட்டியிருக்கும், பள்ளிவாசல் வாசல்களில் சனம் நிறைந்திருக்கும். சாப்பாட்டை அதற்கு முன் முடித்துக்கொள்வது புத்தி.

தம்பிலுவில், திருக்கோவில் தாண்டியதும் ரோடு மாறும். வீடுகள் குறையும், பற்றைக்காடு வரும். சங்கமன்கண்டி முனை இந்தப் பக்கம்தான். இலங்கைத் தீவின் ஆகக் கிழக்கு நிலம் அது. கோமாரியிலிருந்து பொத்துவில் வரை நான் மேலே சொன்ன நாலரை மணி விதி நடைமுறைக்கு வருகிறது.

முதல் முறை போனபோது அந்த விதி எனக்கு இல்லை. கோமாரிக்கு முன்பே இருட்டத் தொடங்கியதால், கடற்கரையில் ஆளில்லாத ஒரு இடம் பார்த்துக் கூடாரம் அடிக்க இறங்கினோம். கம்பி நட்டு முடிக்கும்போது ஒரு பெரியவர் ரோச் லைட்டோடு வந்தார். "தம்பி, இஞ்ச வேணாம் மனே. விடியச் சாமம் வலை இழுக்கிற இடம். கயிறு உங்கட மேலாலதான் போகும்" என்றார். கரைவலை இழுக்கும் இடம் பகலில் பார்க்க வெறும் மணல்தான், ஆனால் அது ஒரு தொழிலிடம். அவரே எங்களை வாடிக்குப் பக்கத்தில், தோணி ஏற்றி வைத்த இடத்துக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டார். அதற்குப் பிறகு கடற்கரையில் முதலில் தேடுவது நல்ல மணலை இல்லை, ஒரு ஆளைத்தான்.

அதே இரவு பைக்கின் ஸ்டான்ட் மணலில் புதைந்து, பைக் கூடாரத்தின் மேல் சாய்ந்தது. நாங்கள் உள்ளே இல்லாதது அதிர்ஷ்டம். ஸ்டான்டுக்குக் கீழே ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைத்தால் போதும் என்று காலையில் அதே பெரியவர் காட்டினார். இன்றைக்கும் என் பையில் இரண்டு சிரட்டை கிடக்கும்.

அறுகம்பை தனிக் கதை. அலைச்சறுக்குப் பருவம் ஏப்ரல், மே வாக்கில் தொடங்கி ஒக்டோபர் வரை போகும். அப்போது அறையும் சாப்பாடும் வெளிநாட்டுக்காரர் விலை. சில விடுதிகள் முற்றத்தில் கூடாரம் போட விடும், குளிக்கவும் தண்ணீர் தரும். விலை பேச வேண்டும். எழுதாத செலவின் முதல் பாதி இதுதான். "ஒரு பிளேன்டி குடித்துவிட்டுப் போவோம்" என்று உட்கார்ந்து எழும்பும்போது ஒரு நாள் சாப்பாட்டுக் காசு போயிருக்கும். பொத்துவில் ஊருக்குள் சாப்பிட்டுவிட்டு அறுகம்பைக்குப் போய் கடலை மட்டும் பாருங்கள்.

பாணமைக்கு அப்பால் கடையையோ கராஜையோ எதிர்பார்க்க வேண்டாம். பெற்றோலைப் பொத்துவிலில் நிரப்புங்கள், ஒரு ஆளுக்கு ஐந்து லீற்றர் தண்ணீர் கட்டுங்கள். ரோடு கரடுமுரடு, மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். உகந்தை முருகன் கோவில் கடலோரத்தில் பாறையின் அடிவாரத்தில் இருக்கிறது, மேலே வள்ளியம்மன். 2006 வரை யால கிழக்கு என்று அழைத்த குமண பூங்காவின் வாசலும் அங்கேதான். கோவில் பக்கம் இரவு தங்குவதானால் பொறுப்பானவர்களிடம் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் படுங்கள். மச்சமும் குடியும் அந்த எல்லைக்குள் ஆகாது. சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். பகலில் குரங்கு, இரவில் பன்றி. ஆறு, களப்பு, குளம் எதிலும் இறங்கிக் குளிக்க வேண்டாம், முதலை இருக்கிறது.

ஆடிவேலுக்கு முன் கதிர்காமப் பாதயாத்திரைக்காகக் காட்டுப்பாதை திறக்கும் நாட்களில் உகந்தை நிரம்பி வழியும். அந்தக் கூட்டத்தில் ஒரு இரவு இருப்பது பெரிய அனுபவம், ஆனால் அமைதி தேடிப் போகிறவருக்கு அது உகந்த நேரமில்லை.

செலவின் மறுபாதி வீட்டுக்கு வந்த பிறகு வரும். உப்பும் மணலும் செயினைத் தின்னும். திரும்பி வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, செயினுக்கு எண்ணெய் போடாவிட்டால் இரண்டு மாதத்தில் புதிதாக வாங்க வேண்டி வரும்.

தெற்கு யாருக்கு? குறைந்தது இரண்டு இரவு உள்ளவருக்கு. முதல் இரவை அறுகம்பையிலோ பாணமையிலோ வைத்து, மறுநாள் பகலில் உகந்தைக்குப் போகலாம். மட்டக்களப்பிலிருந்து ஒரே நாளில் உகந்தைக்கு ஓடுவது முடியும் என்று தூரம் சொல்லும். நாலரை மணி சொல்லாது.

## வடக்கு: வாகரை, வெருகல்

எங்கள் ஊரில் ஆகக் குறைவாக மதிக்கப்படும் வழி இது. எல்லோரும் பாசிக்குடாவோடு நின்றுவிடுகிறார்கள்.

வாழைச்சேனை தாண்டி ஏ15 வீதியில் ஏறியதும் நெரிசல் போய்விடும். வலப்பக்கம் கடலும் களப்பும் மாறி மாறி வரும். காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணிப் பாலம், பிறகு வாகரை. அப்பா காலத்தில் இந்த வழியால் திருகோணமலைக்குப் போவதென்றால் ஆற்றுக்கு ஆறு பாதையில் ஏறிக் கடக்க வேண்டும் (ரோட்டைச் சொல்லவில்லை, ஆட்களையும் வண்டியையும் மறுகரை சேர்க்கும் பாதையை). இன்றைக்கு எல்லாம் பாலம். அந்தப் பக்கக் கடைசியில் 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் மட்டும் 396 மீற்றர்.

ரோடு நல்லது, தூரம் குறைவு, ஏற்றம் இல்லை. சின்ன பைக்குக்கும் புதிய ஆளுக்கும் இதைவிடப் பொருத்தமான வழி இங்கே இல்லை. சனி காலை வெளிக்கிட்டால் மத்தியானத்துக்கு வாகரை. நண்டுக் கறியோடு சோறு கிடைத்தால் அன்றைய நாள் அப்போதே வெற்றி. பின்னேரம் கடற்கரை, இரவு வாடிப்பக்கம் அல்லது யாருடையதாவது தென்னங்காணி. தென்னைக்கு நேர் கீழே கூடாரம் அடிக்காதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை, ஆனால் அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குறை என்ன? கட்டணக் கூடார இடம், கழிப்பறை, குளியலறை என்று ஆயத்தமாக ஒன்றையும் எதிர்பார்க்க முடியாது. எல்லாம் ஆட்களின் நல்ல மனசைப் பொறுத்தது. பெண்கள் கூட வந்தால் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும். அப்போது பாசிக்குடா, கல்குடாப் பக்கம் ஒரு சின்ன விடுதியில் அறை எடுத்து, பகலில் வாகரைக்குப் போய் வருவது வசதி. நிழலும் குறைவு. ஜூலை வெயிலில் காலை எட்டு மணிக்குக் கூடாரத்துக்குள் இருக்க முடியாது.

இந்தப் பக்கத்தில் எழுதாத செலவு நன்றிக்கடன்தான். காணியில் படுக்கவிட்டவர் காசு கேட்க மாட்டார். போகும்போதே வாழைச்சேனையில் இரண்டு கிலோ சீனி, தேயிலை, பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்கிக்கொண்டு போங்கள். குப்பையைக் கட்டி எடுத்துக்கொண்டு வாருங்கள். அடுத்த முறை அந்த வாசல் திறக்கும்.

வாகரையிலிருந்து கதிரவெளி, வெருகல் பக்கம் போவதைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். மகாவலியின் கிளை கடலில் சேரும் இடம், ஆற்றங்கரையில் முருகன் கோவில். திருகோணமலை வரை போவதா என்றால், ஒரு இரவுக்காரருக்கு வேண்டாம். கூடாரப் பயணம் ஓட்டப் பயணமாகிவிடும்.

## மேற்கு: மகா ஓயா, பிபிலை, பதுளை

அழகுக்கு மட்டும் புள்ளி போட்டால் இதுதான் முதலாவது. செங்கலடியிலிருந்து படுவான்கரை வயல், கரடியனாறு, புல்லுமலை, காடு, மகா ஓயா. அங்கே வெந்நீர் ஊற்று. இடுப்பு வலிக்கு நல்லது என்பார்கள், பைக் ஓட்டிய இடுப்புக்கு நல்லதென்று நானே சொல்வேன். பதியத்தலாவை, பிபிலை தாண்டியதும் லுணுகலை ஏற்றம் தொடங்கும். காற்றின் மணமே மாறும். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு பாகை போலச் சூடு குறையும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பிறந்தவர்களுக்கு அந்த முதல் குளிர் ஒரு பைத்தியம்.

லுணுகலை, பசறை, மடூல்சீமைத் தோட்டப்பக்கம் முழுக்கத் தமிழ் கேட்கும். வழி கேட்கவும் தேத்தண்ணீர் குடிக்கவும் கதைக்கவும் இடைஞ்சல் இல்லை. மடூல்சீமையில் சின்ன உலக முடிவு என்று கூடாரக்காரர்கள் தேடிப் போகும் மலை விளிம்பு இருக்கிறது. பனிமூட்டத்தில் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாது. கூடாரத்தை நன்றாக உள்ளே தள்ளி அடியுங்கள், இரவில் எழும்பினால் ரோச் லைட் இல்லாமல் அடி எடுத்து வைக்காதீர்கள்.

செலவு இங்கேதான் ஒளிந்து நிற்கிறது. நம்மிடம் குளிருக்கு ஒன்றும் கிடையாது. ஜக்கெற், தடித்த போர்வை, கையுறை, மழைக்கோட் எல்லாம் புதிதாக வாங்க வேண்டும், அல்லது இரவல். கடற்கரைக்கு வாங்கிய மலிவுக் கூடாரம் மலை மழையைத் தாங்காது. நகரத்தில் ஒரு கடையில் 'தண்ணீர் போகாது' என்று சொல்லி விற்றதை நம்பிப் போய், நடு இரவில் கூடாரத்துக்குள் சோற்றுச் சட்டியை வைத்துத் தண்ணீர் பிடித்தேன். மேலே கட்ட ஒரு தறப்பாள் கொண்டுபோங்கள், கூடாரத்தைவிட அது உதவும். புறப்படுமுன் பிரேக் பாட், பின் டயர் இரண்டையும் கராஜில் காட்டுங்கள். இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திப் பெற்றோல் மிச்சம் பிடிக்கிற பழக்கம் இருந்தால் அதை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் சூடேறி, தேவையான வளைவில் பிடிக்காது.

மழை நாட்களில் மலைக்குப் போகவே வேண்டாம். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன் வீடுகளை மூடியது இந்தப் பதுளை மாவட்டத்தில்தான். மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் லீவை வேறு எதற்காவது பயன்படுத்துங்கள்.

## இங்கினியாகலை ஏன் பட்டியலில் இல்லை

அங்கே இருக்கும் சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கம் அழகு, மறுப்பில்லை. ஆனால் சுற்றிலும் கல் ஓயா தேசியப் பூங்கா. பைக்கில் போய் நினைத்த கரையில் கூடாரம் அடிக்கும் இடமே இல்லை. பகலில் போய்ப் பார்த்துவிட்டு அம்பாறையில் அறை எடுப்பவர்களுக்குச் சரி. உன்னிச்சை, நவகிரிக் குளங்களுக்கும் என் பதில் இதேதான்: பகலில் போங்கள், தயிர் வாங்குங்கள், யானை வருமுன் திரும்புங்கள்.

## அந்த மூவருக்கும் சொன்னது

வங்கி அண்ணனுக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை: வாகரை. தனியாள், ஒரு இரவு, வேறெங்கும் நேரம் போதாது. தனியாகப் போவதால் படுக்கிற இடத்தை வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் போகச் சொன்னேன். 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கத்தையும் ஃபோனில் போட்டுக் கொடுத்தேன்.

பல்கலைக்கழகத் தம்பி மலைக்குத்தான் போவேன் என்று நின்றான். 100 சிசியில் இரண்டு பேர், இரவல் கூடாரம், குளிருக்கு ஒரு சேட்டு. நான் தெற்கைச் சொன்னேன், அதுவும் அறுகம்பையில் ஒரு பிளேன்டி கூடக் குடிக்காமல். ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பேசி முடித்தது: மகா ஓயா வரை போய், வெந்நீரில் குளித்து, மூன்று மணிக்கு முன் திரும்புவது; மலைக்குப் போவது பைக் மாற்றிய பிறகு.

சோடிக்குச் சொன்னதுதான் கஷ்டம். அவருக்குக் கடல், அவளுக்குக் குளிர். மூன்று நாள் இருக்கிறது, 150 சிசி இருக்கிறது, மாதம் ஜூன். மலைக்குப் போகச் சொன்னேன். முதல் இரவு கூடாரம் வேண்டாம், பசறைப் பக்கம் ஒரு அறை. கல்யாணம் கட்டிய புதிதில் நனைந்த கூடாரத்துக்குள் இரண்டு பேர் இரவு முழுக்க ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். சரி, பார்க்கவில்லை. அந்த இருவரில் ஒருவன் நான்தான். சோற்றுச் சட்டி அவளுடையது.